பிளிட்ஸா, ஸோனா: மிச்சிகன் ஆட்டத்துக்கு முன் ஒஹாயோ ஸ்டேட்டின் தேர்வு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், 2021இல் மிச்சிகனிடம் 42–27 எனத் தோற்ற ஒஹாயோ ஸ்டேட், பந்தை ஏந்தி ஓடும் ஓட்டத்தில் மட்டும் 297 யார்டுகளை விட்டுக்கொடுத்திருந்தது. அத்தகைய தற்காப்பு அணி, 2022 வழக்கமான பருவத்தின் கடைசி வாரத்தில், மீண்டும் மிச்சிகனைச் சந்திக்கும் முன், ஆட்களைக் கூடுதலாக அனுப்பி நெருக்கும் பிளிட்ஸுக்கும், பின்வாங்கிப் பரப்பைக் காக்கும் ஸோனுக்கும் இடையே தடுமாறுவது இயல்பே.

ஓட்டத்தைத் தடுத்தல்: பிளிட்ஸில் முன்வரிசை நிறைந்துவிடுவதால் வழி அடைபடும், ஸோனில் நாலைந்து யார்டுகள் போய்க்கொண்டே இருக்கும்.

பெரும் இழப்பு: பிளிட்ஸின் விலை இங்கேதான் தெரியும். 2022 நவம்பர் 26 அன்று, பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில் ஒஹாயோ ஸ்டேட் ஆட்களை முன்னே அனுப்பிய வேளையில், மிச்சிகனின் கார்னெலியஸ் ஜான்சன் அருகிலேயே பந்தைப் பிடித்து, அவரைப் பிடித்து வீழ்த்தும் ஒரே ஒரு டாக்கிள் தவறியதும் 69 யார்டு ஓடிவிட்டார், ஏனெனில் பின்னால் துரத்த ஆளில்லை. இடைவேளையில் 20–17 என முன்னிலையில் இருந்த ஒஹாயோ ஸ்டேட் 45–23 எனத் தோற்றது. ஸோனில் அதே தவறு பதினைந்து யார்டோடு முடிந்திருக்கக்கூடும்.

பயிற்சி: ஒரே வாரத்தில் புதிய ஸோனைப் பழக்குவது கடினம், பிளிட்ஸும் எளிதன்று, வெறும் துணிச்சல்தான் அது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

தனித்து நின்று டாக்கிள் செய்யவல்ல கார்னர்பேக்குகள் (எதிரணியில் பந்து பிடிப்பவர்களைத் தடுக்கும் ஓரத் தற்காப்பாளர்கள்) இருந்தால் பிளிட்ஸ் பொருந்தும். தன் தாக்குதல் வரிசையே புள்ளி குவிக்கும் என்று நம்பும் அணிக்கு ஸோனே ஏற்றது. 2022இன் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு, என் கணிப்பில், அதுவே தகுந்திருக்கும்.