ஸ்டென்ட் வைத்தவரிடம் ஸ்டீரால் மாத்திரை விற்றார்கள்

கோபிசெட்டிபாளையம், அந்தியூர் பக்கம் கல்யாண மண்டபத்தில் "இலவச இருதயப் பரிசோதனை" என்று நோட்டீஸ் வந்தால், வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் தயவுசெய்து கவனமாக இருங்கள்.

அப்பாவுக்கு வயது 67. இருதய ரத்தக்குழாய் அடைப்புக்குக் கோயம்புத்தூரில் ஸ்டென்ட் (குழாயை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் வகை மாத்திரை போட்டு, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 72-ல் இருந்தது. அந்த முகாமில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "இந்த இங்கிலீஷ் மாத்திரை ஈரலைக் கெடுத்துப்போடுமுங்க. இது செடியில இருந்து எடுத்த ஸ்டீராலுங்க. மூணு மாசத்துல அடைப்பே கரைஞ்சுபோகும், அதை நிறுத்திப்போடுங்க" என்றிருக்கிறார்கள். மஞ்சள் விற்ற காசில் 13,500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தவர், பழைய மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி எங்களிடம் மூச்சுவிடவில்லை.

மூன்றாம் மாதம் நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றார். அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, ஈசிஜியில் ஒன்றுமில்லை. ஆனால் எல்.டி.எல். 149.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தாவர ஸ்டீரால் போலிச் சரக்கு இல்லை. குடலில் கொலஸ்ட்ராலோடு போட்டி போட்டு, அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். தினம் 2 கிராம் வாக்கில் எடுத்தால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் இறங்கும். ஸ்டாட்டின் ஈரலில் வேலை செய்து 30 முதல் 50 சதவீதம் வரை இறக்கும். ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைக் கொடுக்கவே முடியாது. அடைப்பைக் கரைப்பது என்பது சுத்தப் பொய். ஸ்டீராலால் மாரடைப்பு குறைகிறது என்று எந்த ஆய்விலும் நிரூபணமாகவில்லை.

வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்தேன். ஒரு மாத்திரையில் 400 மில்லிகிராம். நாளைக்கு ஒன்று, வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருந்தார்கள். தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு! அதுவும் சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் வேலை செய்யும். கடலை எண்ணெய், எள்ளு, பருப்பிலேயே தினம் 200 முதல் 400 மில்லிகிராம் ஸ்டீரால் நமக்குக் கிடைத்துவிடுகிறது. "மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல" என்று டப்பாவின் ஓரத்தில் இங்கிலீஷில் பொடி எழுத்து. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரசீதில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டால், "பிரிச்ச டப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டோமுங்க" என்று வைத்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இருதய நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருட மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டப்படி குற்றம். நோட்டீஸையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அதே முகாமுக்கு உங்கள் அப்பாவோ மாமாவோ போயிருந்தால், இன்று ராத்திரியே அவர்களின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். பழைய மாத்திரை குறையாமல் அப்படியே இருந்தால், விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.