ஈரோட்டு மகப்பேறு மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய் பரிசோதனையும் தையலும்

என் முதல் கர்ப்பம் 22ஆம் வாரத்தில், வலி என்று சொல்லும்படி எதுவும் தெரியாமலேயே, அந்தியூரில் எங்கள் வீட்டிலேயே கலைந்துபோனது. அதற்குப் பத்து நாள் முன்பு வேறோர் இடத்தில் எடுத்த ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். கர்ப்பப்பை வாய் நீளம் குறைந்து முன்கூட்டியே திறந்துகொண்டால் இப்படி வலியில்லாமல் கலையலாமாம். அந்த நீளத்தை அவர்கள் அளக்கவில்லை, அப்படி ஒன்று உண்டென்று எங்களுக்கும் தெரியாது. அதனால் இரண்டாம் முறை ஈரோடு பெருந்துறைச் சாலையிலுள்ள இந்த மருத்துவமனைக்குப் போனபோது, அதை எப்படி அளக்கிறார்கள் என்பதையே முதலில் கவனித்தேன்.

பழைய விவரத்தைக் கேட்டதும், 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இந்த அளவு துல்லியமாக வராது, சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் வாய் நீளமாகத் தெரிந்துவிடும் என்பதால், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி பிறப்புறுப்பின் உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். கூசி நின்ற என்னிடம் வயதான நர்ஸம்மா, "பயப்படாத கண்ணு, அஞ்சே நிமிசந்தான்" என்று திரையை இழுத்து மூடினார். டாக்டரம்மா மூன்று முறை அளந்து, அவற்றில் மிகக் குறைந்ததைக் குறித்துக்கொண்டார்.

20ஆம் வாரத்தில் அது 22 மில்லிமீட்டராகக் குறைந்திருந்தது. முன்பே இப்படி இழந்தவர்களுக்கு, 24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாயைச் சுற்றித் தையல் போட்டு இறுக்குவது வழக்கம் என்றும், முன்கதை ஏதும் இல்லாமல் வாயின் நீளம் மட்டும் குறைந்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரவில் உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையைத்தான் முதலில் தருவார்கள் என்றும் பிரித்துச் சொன்னார். இந்தத் தையல் 1955இல் மும்பை மருத்துவர் ஷிரோத்கர் விவரித்த சிகிச்சை. எனக்குப் போட்டது 1957இல் மெக்டொனால்டு என்ற மருத்துவர் சொன்ன எளிய முறை. தையல் போட்டாலும் உறுதி கிடையாது, கிருமித் தொற்றோ பனிக்குடம் உடைவதோ நேரலாம் என்று மறைக்காமல் சொன்னதாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. "மிச்ச மாசமெல்லாம் படுத்தே இருக்கோணுங்களா?" என்று என் மாமியார் கேட்டதற்கு, முழுநேரப் படுக்கை குறைப்பிரசவத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை, காலில் இரத்தம் உறைய வாய்ப்புண்டு, வீட்டுக்குள் நடமாடட்டும் என்றார்.

முன்பதிவு செய்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்தது பெரிய குறை. பேருந்தில் வரும் கர்ப்பிணிகளுக்கு அது கொடுமை. அறிக்கை முழுவதும் ஆங்கிலத்திலேயே இருந்தது. அளவையும் அதன் பொருளையும் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம்.

37ஆம் வாரத்தில் தையலைப் பிரித்தார்கள். அரை சென்டிமீட்டர் அகலமுள்ள வெள்ளை நாடா அது. கேட்டதும் தட்டில் வைத்துக் காட்டினார்கள். அடுத்த வாரம் மகள் பிறந்தாள், 2.8 கிலோ.