ஹெல்த் மெசேஜ் எங்க போடலாம்: வாட்ஸ்அப்பா, ஃபேஸ்புக்கா, ரீல்ஸா, எக்ஸா?

எந்த ஆப்ல போட்டா நிறைய பேருக்குப் போய்ச் சேரும்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. என்னைக் கேட்டா அது ரெண்டாவது கேள்வி. போட்டது தப்பாயிடுச்சுன்னா அதைத் திரும்பப் பிடிக்க முடியுமா, அதான் முதல்ல பாக்கணும்.

வயித்துப்போக்குக்கு வீட்டுலயே கலக்குற உப்பு சர்க்கரை கரைசலையே எடுத்துக்குவோம். 1 லிட்டர் சுத்தமான தண்ணி, தலைதட்டுன 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அவசரத்துல டைப் பண்றப்போ உப்பும் சர்க்கரையும் இடம் மாறிடுச்சுன்னு வைங்க, குழந்தைக்கு ரத்தத்துல உப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாயிடும்.

வாட்ஸ்அப் குரூப்ல இதைப் போட்டா 15 நிமிஷத்துக்குள்ள எடிட் பண்ணலாம், அதுக்கப்புறமும் ரெண்டு நாள் வரைக்கும் டெலீட் பண்ணலாம், ஆனா அதுக்குள்ள பத்து பேரு ஃபார்வேர்ட் பண்ணியிருந்தா அந்த காப்பியெல்லாம் அப்படியேதான் சுத்திட்டு இருக்கும், எங்க சுத்துதுன்னு கூட நமக்குத் தெரியாது, என்க்ரிப்ஷன் இருக்குல்ல, அனுப்புனவரும் வாங்குனவரும் தவிர வேற யாரும் படிக்க முடியாதபடி பூட்டு. நிறைய தடவை ஃபார்வேர்ட் ஆன மெசேஜ ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்பலாம்னு 2020 ஏப்ரல்ல கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. வதந்தி மெதுவாச்சு, கூடவே நம்ம நல்ல மெசேஜும்தான் மெதுவாச்சு. ஆனாலும் குரூப்பை அப்படியே ஒதுக்கிட முடியாது, தெரிஞ்சவங்க சொன்னாதான் கேப்பேன்ங்கற ஆளுங்க நிறைய பேரு அங்கதான் இருக்காங்க, வெக்கப்படாம சந்தேகமும் கேப்பாங்க.

அதே ஆப்லயே சேனல் இருக்கு, நாம போடுறத மத்தவங்க ஃபாலோ பண்ணிப் படிக்கிற இடம், 2023ல வந்தது. அங்க எடிட் பண்ண 30 நாள் டைம், ஃபார்வேர்ட் ஆனாலும் சேனல் லிங்க் கூடவே போகும். இதைவிட புத்திசாலித்தனமா உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்ல ஒரு வேலை பண்ணுச்சு: ஒரு வாட்ஸ்அப் நம்பருக்கு நீங்க மெசேஜ் போட்டா தானாவே பதில் வரும். இப்படி வச்சா பதிலை ஒரே இடத்துல மாத்துனா போதும், அடுத்து கேக்குற ஆளுக்குப் புதுசுதான் போகும். எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி இதுதான்.

ஃபேஸ்புக் பேஜ் பழசுன்னு கிண்டல் பண்றாங்க. ஆனா திருத்துற விஷயத்துல அதுதான் கெட்டி. எப்ப வேணா எடிட் பண்ணலாம், ஷேர் பண்ணவங்க வழியா பாக்குறவங்களுக்கும் திருத்துனதுதான் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது. கமென்ட்ல பதில் சொல்ல ஒரு ஆளை உக்கார வைக்கணும், இல்லன்னா கீழ எவனாவது நாட்டு மருந்து வித்துட்டு இருப்பான்.

வீடியோன்னு வந்தா, தலைதட்டுன டீஸ்பூன்னா என்னன்னு காட்ட அதை விட்டா வேற வழியே இல்ல. எழுத்துல எத்தனை தடவை சொன்னாலும் குவிச்சுதான் அள்ளுவாங்க. ஆனா ரீல்ஸ்லயும் சரி யூடியூப்லயும் சரி, போட்ட வீடியோவை அதே லிங்க்ல மாத்த முடியாது. யூடியூப்ல தப்பான துண்டை வெட்டலாம், கமென்ட்டை பின் பண்ணலாம், அதை யாரு படிக்கிறா! இன்னொரு தொல்லை, "நாளைக்கு தடுப்பூசி முகாம்"னு போட்ட ரீல் மூணு வாரம் கழிச்சு ஒருத்தர் ஃபீட்ல வந்து நிக்கும். அதனால செய்முறைக்கு மட்டும் வீடியோ, தேதி வர்ற அறிவிப்புக்கு வேண்டவே வேண்டாம்.

எக்ஸ், அதான் பழைய ட்விட்டர், பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. பத்திரிகைக்காரங்களுக்குத் தகவல் போகணும்னா போடுங்க. காசு கட்டுனாதான் எடிட், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். கோவிட் பத்தின பொய்த் தகவலைத் தடுக்குற பாலிசியையே 2022 நவம்பர்ல அமல்படுத்துறத நிறுத்திட்டாங்க.

என் சாய்ஸ்: அளவு, தேதி, முகாம் நடக்குற இடம் எல்லாம் சேனல்லயும் ஃபேஸ்புக்லயும் எழுத்தா, கலக்குற விதம் மட்டும் வீடியோவா, குரூப்ல வெறும் லிங்க். போஸ்டர் படம் போட்டே ஆகணும்னா மூலையில தேதியப் பெருசா போடுங்க, அடுத்த வருஷம் அதே படம் சுத்தி வர்றப்போ பழசுன்னாவது தெரியும்.