லேபல் இல்லாத போத்தலில் களைநாசினி வாங்காதீர்கள்

மாரி முடிந்த கையோடு கோண்டாவிலில் எங்கள் முற்றத்து ரோசாக்களுக்கு நடுவே அறுகும் கோரையும் மண்டிவிட்டன. ரோசாவின் வேருக்குள் புகுந்த அறுகைப் பிடுங்கி மாளாது. ஒரு கணு மிஞ்சினாலும் திரும்ப முளைக்கும். அகன்ற இலைச் செடிகளை விட்டுப் புல்லை மட்டும் கொல்லும் மருந்து இருக்கிறதென்று அறிந்து கடைக்குப் போனேன்.

கடைக்காரர் உள்ளே போய், லேபல் உரித்த சோடாப் போத்தலில் கால்வாசி ஊற்றிக் கொண்டுவந்தார். “பெரிய போத்தல் உங்களுக்கு எதற்கு அக்கா? இது புல்லை மட்டும்தான் பிடிக்கும். ரோசாவுக்கு மேலேயே அடிக்கலாம்” என்றார். மருந்தின் பெயரைக் கேட்டேன். “எல்லாம் ஒன்றுதான்” என்றார். நம்பி அடித்தேன்.

ஒரு கிழமையில் அறுகோடு கோரையும் மஞ்சளித்தது. மகிழ்ந்துபோனேன். பிறகு ரோசாக் கொழுந்துகள் வெளிறின. அதன்பின் வந்த தளிர்கள் இலையாகவே இல்லை. நூல்போல ஒடுங்கி, ஒரே கணுவில் கொத்துக்கொத்தாக நின்றன. அம்மா நட்டுவைத்த இரண்டு ரோசாக்களும் பட்டுப்போயின.

ஒரு கிளையை வெட்டிக்கொண்டு கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். விவசாயப் போதனாசிரியர் கேட்ட முதற் கேள்வி: “கோரையும் செத்ததா?” கோரை பார்வைக்குத்தான் புல், இனம் வேறு. புளூவாசிபொப், குயிசாலோபொப் போன்ற மருந்துகள் புல்லினத்தில் கொழுப்பமிலம் உண்டாக்கும் நொதியத்தை முடக்குபவை. அவை கோரையையும் கொல்லாது, ரோசாவையும் கொல்லாது. இரண்டும் சேர்ந்து செத்ததையும் தளிர் ஒடுங்கியதையும் பார்த்தால், எனக்கு விற்றது பெரும்பாலும் கிளைபோசேட் என்றார். அது புல், பூ என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்வது.

உரிய மருந்து வேலை செய்வதை அயல்வீட்டில் பின்னர் பார்த்தேன். ஒரு கிழமை கழித்துப் புல்லின் நடுக்குருத்தை இழுத்தால் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது. அடி பழுப்பாக அழுகியிருக்கிறது. முழுதாகச் சாக இரண்டு மூன்று கிழமை எடுக்கும். வெயிலில் வாடிய புல்லில் மருந்து சரியாக ஏறாது. எலுமிச்சைப் புல்லும் வெட்டிவேரும் சோளமும் புல்லினம்தான், அவற்றில் பட்டால் அவையும் போய்விடும். எந்தச் செடிமேல் அடிக்கலாம், எவ்வளவு கலக்கலாம் என்பதெல்லாம் லேபலில்தான் இருக்கிறது.

செடி போனதைவிட என்னை நடுங்கவைத்தது வேறு. மிச்ச மருந்தோடு அந்தச் சோடாப் போத்தல் குசினிப் படியில் இருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது ஓடிப்போய்ப் பறித்தேன். நாலு வயதுப் பிள்ளைக்கு அது சோடாதானே.

கடைக்காரரோ, “நீங்கள் அளவு பிழையாகக் கலந்திருப்பீர்கள்” என்று முடித்துவிட்டார். பற்றுச்சீட்டும் தரவில்லை. லேபல் இல்லாமல் விற்பதற்கு 1980ஆம் ஆண்டின் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இடமில்லை. போத்தலின் படத்தோடு முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.