கல்முரசு எழுத்துப் பயிற்சிப் பெட்டி: புத்தகத்துக்காக வாங்கலாம்

கடைப் பெயர்ப் பலகைகளைத் தூரிகையால் எழுதி இருபது வருடம் பிழைத்தவன் என்பதால், சீன எழுத்துப் பயிற்சிப் பெட்டியொன்றை 6,500 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கியபோது என் எதிர்பார்ப்பு முழுவதும் தூரிகையின் மேலேயே இருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பொதி வந்துசேரப் பன்னிரண்டு நாட்கள் சென்றன. ஆட்டுமயிர்த் தூரிகை, மைக்கட்டி, மை அரைக்கும் கல், கடதாசிக் கட்டு, பயிற்சிப் புத்தகம் ஆகியன உள்ளே இருந்தன. கொடுத்த காசுக்குப் பெறுமதியானது அந்தப் புத்தகம்தான்.

ஊ சாங்ஷுவோ (1844–1927) என்னும் எழுத்துக் கலைஞர், பழைய சீனத்துச் சின் அரசின் கல்முரசுகளில், அதாவது முரசு வடிவக் கற்களில், வெட்டப்பட்ட எழுத்துகளைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்தெழுதிய வரலாற்றை அது பக்கம் பக்கமாகக் காட்டுகிறது. இன்று பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்கற்கள் பத்து. ஏறத்தாழ எழுநூறு எழுத்துகள் இருந்த இடத்தில் இப்போது முந்நூறுகூட மிஞ்சவில்லை. ஒரு முரசின் தலையை வெட்டி உரலாக்கியிருந்தார்கள் என்று படித்தபோது, எங்கள் கொல்லையில் கிடக்கும் உரலை ஒருமுறை புரட்டிப் பார்க்கத் தோன்றியது.

இடப்பக்கத்தில் கல்லின் மைப்படியும் (கல்லின்மேல் தாளை வைத்து மையால் ஒற்றியெடுத்த படி), வலப்பக்கத்தில் அவர் தம் வயதின் நாற்பதுகளிலும் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழுதியவையும் அச்சிடப்பட்டுள்ளன. 'குதிரை' என்னும் எழுத்தை மட்டும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் பார்த்திருந்தேன். கல்லில் பிடரிமயிரைக் குறிக்கும் மூன்று கோடுகளும் ஒரே தடிப்பில் அமைதியாக நிற்கின்றன. நாற்பதுகளில் அவர் அந்த அமைதியைக் கைநடுங்காமல் அப்படியே பிடிக்கப் பார்க்கிறார். எழுபதுகளிலோ எழுத்தின் வலப்புறம் மேலெழுந்து, கோடுகள் தடித்து முனை மழுங்கி, மழையும் காற்றும் தின்ற கல்லின் விளிம்பையே தூரிகை எழுதுவதுபோலாகிவிடுகிறது. மொட்டை உளியால் முத்திரை வெட்டிப் பழகிய கை அது என்பதும் அங்கே தெரிகிறது. 1899இல் ஆண்டோங் என்னும் ஊருக்கு அதிகாரியாகப் போனவர், ஒரே மாதத்தில் பதவியை விட்டுவிட்டு, அந்த ஒரு மாதப் பதவியையே ஒரு முத்திரையின் வாசகமாக வெட்டிவைத்தாராம்.

இவருக்கு நூறாண்டு முன்னே வாழ்ந்த தெங் ஷிரு (1743–1805) பற்றிப் புத்தகம் இரண்டு பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. அது எனக்குக் குறையாகவே பட்டது. நான்ஜிங்கில் ஒரு செல்வரின் வீட்டில் எட்டு வருடம் தங்கி, விடியுமுன் ஒரு தட்டு மை அரைத்து, அது தீரும்வரை பழைய கல்வெட்டுகளைப் பார்த்தெழுதியவர் அவர். ஏட்டெழுத்தைவிடக் கல்லெழுத்தே மேல் என்ற எண்ணம் சீனத்தில் வேரூன்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

புத்தகத்தோடு ஒரு மாதம் பழகிய பின், நயினாதீவு அம்மன் கோயிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டைப் பார்க்கச் சென்றேன். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு என்று கூறும் 12ஆம் நூற்றாண்டுக் கல் அது. முன்பு அதை வாசிக்க மட்டுமே முயன்றிருக்கிறேன். இம்முறை உளி எங்கே இறங்கி எங்கே திரும்பியது என்றே கண் தேடியது.

மற்றப் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தூரிகை பரவாயில்லை, நீரை நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் முதல் வாரத்தில் மயிர் உதிர்ந்தது. மைக்கல் வழவழப்பாக இருப்பதால் மை அரைபடுவதில்லை, கட்டி வழுக்குகிறது. கடதாசிதான் மோசம்: மாரிகாலத்து ஈரத்தில் பாதிக் கட்டு பொட்டுப்பொட்டாய்ப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மாற்றித் தரும்படி விற்பனையாளருக்கு எழுதினேன், பதில் இல்லை. புத்தகத்தை மட்டும் தனியாக விற்பதுமில்லையாம். ஆகவே வாங்குபவர்கள் கடதாசியைத் தகரப் பெட்டியில் மூடிவைத்துவிட்டுப் பழைய பத்திரிகைத் தாளில் எழுதிப் பழகுவதே நல்லது. நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.