சார்ஜ் ஏறாத பேட்டரியும் பவானி ரோட்டுப் பட்டறையும்

ஈரோடு பவானி ரோட்டில், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத சின்ன பேட்டரி பட்டறை. அப்பாவின் எலக்ட்ரிக் சைக்கிளை அங்கே கொண்டுபோனேன். சார்ஜரைச் செருகினால் பச்சை விளக்கு எரியும், சார்ஜ் மட்டும் ஏறாது. வாங்கிய இடத்தில் மூடியைக்கூடத் திறக்காமல் "புதுசுதாங்க போடோணும்" என்று முடித்துவிட்டார்கள்.

இங்கே பட்டறைக்கார அண்ணன் முதலில் சார்ஜரைத்தான் மீட்டரில் பிடித்தார். 54.6 வோல்ட். 48 வோல்ட் லித்தியம் அயன் பேட்டரிக்கு அதுதான் சரியான அளவு. ஃபியூஸ், சார்ஜிங் பின் எல்லாம் பார்த்த பிறகே பெட்டியைத் திறந்தார். வரிசையாக 13 செல் தொகுதிகள். மற்றவை 3.4 வோல்ட் பக்கம் நிற்க, ஒன்று மட்டும் 1.9-க்கு இறங்கிக் கிடந்தது. அந்த ஒன்றுக்காக, செல்களைக் கண்காணித்துக் காக்கும் பிஎம்எஸ் போர்டு மொத்த பேட்டரிக்கும் சார்ஜை நிறுத்தி வைத்திருக்கிறது.

"போர்டைத் தாண்டி நேரா கரண்ட் குடுத்து எழுப்ப முடியாதுங்களாண்ணா?"

"எழுப்பலாமுங்க தம்பி. நாளைக்கு வீட்டுக்குள்ள தீப்பிடிச்சா யாரு பதில் சொல்றது?"

இந்த ஒரு பதிலுக்காகவே கடையை நம்பலாம். அந்தத் தொகுதியை மட்டும் மாற்றி, எல்லாவற்றையும் சம வோல்ட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய செல்களோடு புதுசு சேர்வதால் பேட்டரி பழையபடி நெடுநாள் உழைக்காது என்பதையும் முன்கூட்டியே சொன்னார்.

குறை உண்டு. கேட்டால்தான் பில், போனை எடுக்கவே மாட்டார், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. மதியத்தில் போகாதீர்கள், சாப்பிடப் போய்விடுவார்.