வாசலில் யார்? நாலு ஒயரா, லேன் கேபிளா, வைஃபையா

எங்கள் வீட்டில் கேட்டுக்கும் ஹாலுக்கும் நடுவே 18 மீட்டர். முட்டிவலியோடு அம்மா எழுந்து போய்ச் சேர்வதற்குள் சிலிண்டர்காரர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். அதற்காகத்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் வீடியோ டோர் போன் (கேட்டில் கேமராவும் பெல்லும் உள்ள பெட்டி, வீட்டுக்குள் திரை) தேடினேன். வாங்கியது பழைய பாணி நாலு ஒயர் அனலாக், 7 அங்குலத் திரை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வைஃபை பெல்லை முதலிலேயே கழித்துவிட்டேன். சுவர் உடைக்க வேண்டாம், வாடகை வீட்டுக்கு அதுதான் சரி. ஆனால் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும், ரவுட்டர் படுத்தால் அதுவும் படுக்கும். தவிர, யாராவது வரும்போதெல்லாம் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டு, போனைத் தேடி எடுத்து, ஆப்பைத் திறந்து... நடக்கிற காரியமா?

கம்ப்யூட்டர் நெட்வொர்க் போல லேன் கேபிளில் ஓடும் ஐபி வகை நிஜமாகவே நல்ல சாமான். ஒரே கேபிளில் கரண்டும் படமும் போகும், 100 மீட்டர் வரை இழுக்கலாம், படம் பளிச்சென்று இருக்கும். அடுக்குமாடியில் பல வீடுகளுக்குச் சேர்த்துப் போடுவதென்றால் யோசிக்காமல் அதற்கே போகலாம். இரண்டு ஒயர் வகையும் இருக்கிறது, பழைய பெல் ஒயரையே பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. மச்சான் வீட்டில் இரண்டு நாள் பார்த்ததோடு சரி, அதனால் அதைப் பற்றி பெரிதாகப் பேச மாட்டேன்.

என்னைப் பொறுத்தவரை கேள்வி ஒன்றுதான்: ஒரு பக்கம் கெட்டால் இன்னொரு பக்கத்தையும் தூக்கிப் போட வேண்டுமா? ஹாலில் ஃபேனுக்குக் கீழே இருக்கும் திரைக்கு ஆயுள் கெட்டி. கேட்டில் இருக்கும் பெட்டிதான் மேற்கு வெயிலையும் ஐப்பசி மழையையும் வாங்குகிறது. எங்களுடையது இரண்டாவது மழைக்காலத்தில் போயே போய்விட்டது. அதே மாடல் கடையில் இல்லை. வேறு கம்பெனியின் வெளிப்பெட்டியை வாங்கி, படம், ஒலி, கரண்டு, கிரவுண்ட் என்று நாலு ஒயரையும் பார்த்து மாட்டியதும் பழைய திரையிலேயே படம் வந்தது. ஒயர் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வோல்டேஜ் 12-ஆ 15-ஆ என்று பார்க்க வேண்டும், ஏஎச்டி (கூடுதல் தெளிவுள்ள புது அனலாக்) கேமராவுக்குப் பழைய திரையில் படம் வராது. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு வாங்கினால் போதும். நண்பர் வீட்டு ஐபி செட்டில் இதே கோளாறு வந்தபோது, அந்த மாடல் நின்றுபோனதால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த திரையையும் சேர்த்து மாற்றினார். இரண்டு பக்கமும் எஸ்ஐபி முறையில் (பல கம்பெனிகளுக்கும் பொதுவான அழைப்பு முறை) பேசும் செட்டாக இருந்தால் இந்தச் சிக்கல் குறையும், கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

அனலாக்கில் குறை இல்லாமல் இல்லை. மெல்லிய ஒயரில் தூரம் கூடினால் படம் மங்கும், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரையும். நான் கேட்6 (Cat6) என்ற லேன் கேபிளை பைப்புக்குள் விட்டு, அதில் இரண்டு கம்பியைச் சேர்த்துக் கரண்டுக்குக் கொடுத்தேன். நாளைக்கே ஐபிக்கு மாற நினைத்தாலும் சுவரைத் தொட வேண்டியதில்லை.

கேட் பூட்டு விஷயத்தில் மட்டும் கவனம். காந்தப் பூட்டு கரண்டு போனால் திறந்துகொள்ளும், அதனால் கரண்டு கொடுத்தால் மட்டும் திறக்கும் வகையையே போட்டேன், தனி அடாப்டரோடு, இன்வெர்ட்டர் லைனில். பூட்டு ஒயர் உள்ளே இருக்கும் திரையிலிருந்து போகட்டும். வெளிப்பெட்டியிலிருந்து போனால், அதைப் பெயர்த்து இரண்டு ஒயரைத் தொடவைக்கத் தெரிந்த எவனும் கேட்டைத் திறந்துவிடுவான்.

எந்த நிறம் எதற்கு என்று எழுதி ஸ்விட்ச் போர்டுக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில் மாட்டிய எலக்ட்ரீஷியன் இப்போது போனை எடுப்பதே இல்லை.